முதலிடக் கல்லூரி பட்டியலிலேயே இல்லாதது ஏன்?

திருச்சியில் இருக்கும் என் நண்பரின் மகள், அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போகிறேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளை ஒரு தாளில் எழுதிக் கூடத்து மேசையில் வைத்தாள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், கிரின்னெல், ரீட். ஹார்வர்டு இல்லை, எம்.ஐ.டி. இல்லை. வீட்டில் ஒருவருக்கும் ஒரு பெயரும் பிடிபடவில்லை.

நண்பர் செல்பேசியை எடுத்து, உலகப் பல்கலைக்கழகங்களின் கியூ.எஸ். தரவரிசையில் வில்லியம்ஸைத் தேடினார். முதல் நூறில் காணோம். ஐந்நூறில் காணோம். கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முதலிடம் என்று சொல்கிறாயே அம்மா, பட்டியலிலேயே பெயர் இல்லையே?" ஊஞ்சலில் இருந்த தாத்தா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தம் பங்குக்குக் கேட்டார்: "லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலைக் கல்லூரிதானே? பி.ஏ. படிக்க அத்தனை தூரம் எதற்கு?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். அன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக நான் அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தாத்தாவின் கேள்வி முதலில்

குழப்பம் முழுக்க "கலை" என்ற சொல்லில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரில் ஏழு பாடங்கள் நடந்தன: இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். கணக்கோடு ஒட்டியவையே பாதிக்கு மேல். இசையைக்கூட அவர்கள் கணக்காகத்தான் படித்தார்கள். இன்றைய அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இயற்பியல், உயிரியல், கணினி அறிவியல், பொருளாதாரம், வரலாறு, மொழிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மாணவர் முதல் இரண்டு ஆண்டுகள் பல துறைகளில் கால் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார். சேரும்போதே துறையை முடிவு செய்து, பிறகு நான்கு ஆண்டுகள் அதிலிருந்து அசைய முடியாத நம் முறைக்கு இது நேர் எதிர்.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக 2020-இல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான ஜெனிஃபர் டவுட்னா, கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் படித்தவர். 1989-இல் அதே பரிசைப் பெற்ற தாமஸ் செக், அயோவா மாநிலத்துக் கிரின்னெல் கல்லூரியில் படித்தவர். இரண்டும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள். இருவரும் அங்கே வாங்கிய பட்டம் பி.ஏ. இதைச் சொன்னதும் தாத்தா ஊஞ்சலை நிறுத்தினார்.

இந்தக் கல்லூரிகள் சிறியவை. வில்லியம்ஸில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2,100 பேர்தான். சென்னையில் ஒரு நடுத்தரப் பொறியியல் கல்லூரியில் இதைவிடக் கூட்டம் இருக்கும். பெரும்பாலும் இளங்கலை மட்டுமே. முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால், பாடம் எடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் பேராசிரியரே. வில்லியம்ஸில் "டுடோரியல்" என்று ஒரு வகுப்பு முறை உண்டு. நம் ஊர் டுடோரியல் காலேஜோடு இதைச் சேர்க்க வேண்டாம். ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் ஒருத்தி கட்டுரை எழுதி வந்து படிக்க வேண்டும். மற்றவன் அதைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். பேராசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படிக்காமல் போய்ப் பின்வரிசையில் மறையலாம் என்றால் பின்வரிசையே கிடையாது.

தமிழர்களுக்கு இந்தக் கல்லூரிகள் அவ்வளவு அந்நியமும் அல்ல. 1806-இல் வில்லியம்ஸ் மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்கு ஒதுங்கி வைக்கோற்போர் ஒன்றின் அடியில் நின்று செய்த பிரார்த்தனையிலிருந்து பிறந்ததுதான் 1810-இல் அமைந்த அமெரிக்க மிஷன். அது 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் வந்தது. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியும் 1881-இல் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அந்த மிஷனின் பிள்ளைகள். 1862-இல் 67,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்ட மைரன் வின்சுலோ, வெர்மாண்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரியின் மாணவர். அதுவும் இன்று லிபரல் ஆர்ட்ஸ் பட்டியலில் இருக்கும் கல்லூரிதான். தாத்தாவின் அலமாரியில் வின்சுலோ அகராதியின் மறுபதிப்பு இருக்கிறது. எழுந்து போய் எடுத்துப் பார்த்தார், ஏதோ அதில் கல்லூரியின் முத்திரை இருக்கும் என்பதைப் போல.

இப்போது அப்பாவின் கேள்வி

கியூ.எஸ். பட்டியலில் இடம்பெற ஒரு நிறுவனம் இளங்கலை, முதுகலை இரண்டு நிலைகளிலும் கற்பிக்க வேண்டும். டைம்ஸ் உயர்கல்வி இதழின் உலகப் பட்டியலுக்கு ஐந்தாண்டில் ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகளாவது வந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 300 ஆசிரியர்களோடு, பாடம் நடத்துவதையே முதல் வேலையாக வைத்திருக்கும் கல்லூரிக்கு இந்த இரண்டு வாசலும் மூடியவை. ஆக, வில்லியம்ஸ் அந்தப் பந்தயத்தில் தோற்கவில்லை, ஓடவே இல்லை.

அது ஓடுவது வேறு மைதானத்தில். யூ.எஸ். நியூஸ் என்ற வார இதழ் 1983-இல், கல்லூரித் தலைவர்களிடம் "உங்கள் பார்வையில் சிறந்த கல்லூரிகள் எவை" என்று கேட்டு ஒரு பட்டியல் போட்டது. இதழின் அச்சுப் பதிப்பு 2010-இல் நின்றுவிட்டது. பட்டியல் மட்டும் இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பரில் வருகிறது. மாட்டை விற்றுவிட்டுச் சாணத்தை வைத்துப் பிழைப்பது போல என்று ஒரு பேராசிரியர் நண்பர் கேலி செய்வார்.

அந்தப் பட்டியல் ஒன்றல்ல, பல. முனைவர் பட்டம் வழங்கும் பெரிய நிறுவனங்கள் "தேசியப் பல்கலைக்கழகங்கள்" என்ற பட்டியலில் வருகின்றன. பிரின்ஸ்டன், ஹார்வர்டு எல்லாம் அங்கே. இளங்கலையை மையமாகக் கொண்டு, பட்டங்களில் பாதிக்குக் குறையாமல் கலை, அறிவியல் துறைகளில் வழங்குபவை "தேசிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள்" என்ற தனிப் பட்டியலில், இருநூற்றுச் சொச்சம். மற்றவை வட்டாரப் பட்டியல்களில். எனவே "முதலிடம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பட்டியலில் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது. லிபரல் ஆர்ட்ஸ் பட்டியலில் பல ஆண்டுகளாக வில்லியம்ஸ் முதலிடம்; பக்கத்திலேயே ஆம்ஹர்ஸ்ட். ஃபோர்ப்ஸ் இதழோ பல்கலைக்கழகம், கல்லூரி என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தும். அதில் 2010-இலும் 2011-இலும் ஹார்வர்டையும் தாண்டி முதலிடம் வில்லியம்ஸுக்கு, 2015-இல் பொமோனாவுக்கு.

வகை பிரிப்பதில் வேடிக்கைகளும் உண்டு. அனாபொலிஸில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை அகாடமியும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியும் இளங்கலை மட்டுமே வழங்குவதால் லிபரல் ஆர்ட்ஸ் பட்டியலில்தான் வருகின்றன. 2023-இல் வெளியான பட்டியலில் மூன்றாம் இடம் கடற்படை அகாடமிக்கு. அங்கே கட்டணம் கிடையாது; சம்பளம் தருவார்கள்; சேர ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை போன்ற ஒன்று வேண்டும்; முடித்ததும் ராணுவப் பணி கட்டாயம். கவிதையும் தத்துவமும் படிக்க ஆசைப்பட்டுப் பட்டியலைத் திறக்கும் பெண்ணுக்கு மூன்றாம் வரியிலேயே போர்க்கப்பல் எதிரே வந்து நிற்கிறது.

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது

இந்தப் பட்டியலில் ஒரே காரணியாக மிகுந்த எடை பெறும் சிலவற்றுள் ஒன்று, நூற்றுக்கு 20, "சக மதிப்பீடு". அதாவது மற்றக் கல்லூரிகளின் தலைவரும் கல்விப்புல முதல்வரும் சேர்க்கைத் தலைவரும் உங்கள் கல்லூரிக்கு ஒன்று முதல் ஐந்து வரை போடும் மதிப்பெண். ஓஹியோவில் இருக்கும் ஒரு முதல்வருக்கு மெய்ன் மாநிலத்துக் கல்லூரியில் வேதியியல் எப்படி நடக்கிறது என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. போன ஆண்டுப் பட்டியலில் அது எங்கே இருந்தது என்பது தெரியும். பட்டியல் பெயரை உண்டாக்குகிறது. பெயர் மறுபடி பட்டியலை உண்டாக்குகிறது. முதல் பத்து இடங்களில் ஆண்டுக்காண்டு பெரிதாக எதுவும் அசையாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இது.

மீதி மதிப்பெண்ணில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள் என்பதற்குப் பெரும் பங்கு. பிறகு ஆசிரியர் சம்பளம், மாணவர் ஒருவருக்குக் கல்லூரி செலவிடும் தொகை, மாணவரின் கடன், நுழைவுத் தேர்வு மதிப்பெண் என்று போகிறது. ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்தால் அடியில் பணம் தெரியும். வசதியான வீட்டுப் பிள்ளை நான்கு ஆண்டில் முடித்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளை பாதியில் நிற்கும். அதனால் பட்டம் பெறுவோர் விகிதம் உயர்கிறது அல்லது குறைகிறது. ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பதை இந்த எண் சொல்லாது.

கல்லூரியின் பணம் என்றால் எவ்வளவு? கிரின்னெலை எடுத்துக்கொள்ளுங்கள். சோளக்காடுகளுக்கு நடுவே சுமார் ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊர். கல்லூரியில் 1,700 மாணவர். ஆனால் அதன் நிரந்தர முதலீட்டு நிதி 200 கோடி டாலருக்கு மேல். அதாவது மாணவர் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலருக்கும் அதிகம். அது சேர்ந்த கதை சுவையானது. ராபர்ட் நாய்ஸ் என்ற மாணவர் 1940-களின் கடைசியில் விடுதி விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றியைத் திருடி மாட்டிக்கொண்டார். கல்லூரி அவரை வெளியேற்றாமல் ஒரு பருவம் மட்டும் தள்ளிவைத்தது. அவர் பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1968-இல் அதற்கு முதல் பணம் போட்டவர்களில் கிரின்னெல் கல்லூரியும் ஒன்று. அறங்காவலர் குழுவில் வாரன் பஃபெட்டும் இருந்தார். 1976-இல் கல்லூரி ஒரு தொலைக்காட்சி நிலையத்தையே ஒரு கோடியே 29 லட்சம் டாலருக்கு வாங்கி, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடிக்கு விற்றது. ஒரு பன்றிக்கு இவ்வளவு வட்டி எந்த வங்கியும் தந்ததில்லை.

சூத்திரம் மாறினால் கல்லூரி மாறாமலே இடம் மாறும். 2023 செப்டம்பரில் யூ.எஸ். நியூஸ் சில அளவுகோல்களைத் தூக்கி எறிந்தது: வகுப்பின் அளவு, பழைய மாணவர் நன்கொடை, உயர்ந்த பட்டம் பெற்ற ஆசிரியர்களின் பங்கு. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்கள் பட்டம் பெறுவதற்கு எடையைக் கூட்டியது. பின்னதை நான் வரவேற்கிறேன். ஆனால் சிறு வகுப்பு என்பதே உயிர்மூச்சான கல்லூரிகளை ஒப்பிடும் பட்டியலில் வகுப்பின் அளவுக்கு மதிப்பெண் இல்லை என்பது, பிரியாணிப் போட்டியில் அரிசியைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்பது போலத்தான். முன்பு சொன்னேனே, பேராசிரியருக்கு முன் இரண்டே மாணவர்கள் என்று. அது இப்போது இந்தத் தரவரிசையில் எங்கும் பதிவாவதில்லை.

வேறு சூத்திரமும் உண்டு. வாஷிங்டன் மந்த்லி இதழ் 2005-இலிருந்து போடும் பட்டியலில், ஏழை மாணவர்களைக் கல்லூரி எவ்வளவு தூரம் உயர்த்துகிறது என்பதும் முக்கியம். கென்டக்கியின் பெரியா கல்லூரி அங்கே அடிக்கடி முன்வரிசையில் நிற்கும். 1855-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. எல்லா மாணவரும் வளாகத்தில் ஏதாவது ஒரு வேலை பார்க்க வேண்டும்.

விலகிய ரீட், கூட்டிச் சொன்ன கிளேர்மான்ட்

ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் 1908-இல் தொடங்கிய ரீட் கல்லூரி, மாணவர்களுக்கு மதிப்பெண்ணை வழக்கமாகச் சொல்லவே சொல்லாத கல்லூரி. கேட்டால் மட்டும் சொல்வார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பருவத்தோடு படிப்பை விட்டுவிட்டு, பிறகு அழகெழுத்து வகுப்பில் மட்டும் போய் உட்கார்ந்த இடம். மாணவனுக்கே எண் போடத் தயங்கும் கல்லூரி, தனக்கு எண் போடுவதை ஏற்குமா? 1995-இல், இனி யூ.எஸ். நியூஸ் அனுப்பும் படிவத்தை நிரப்ப மாட்டோம் என்று அறிவித்தது. அடுத்து வந்த பட்டியலில் ரீட் கடைசி அடுக்குக்குப் போய்விட்டது. ஒரே ஆண்டில் கல்லூரியில் ஒரு செங்கல்கூட நகரவில்லை, ஆசிரியர்கள் அவர்களேதான்.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. ரீட் மாணவர்கள் புள்ளியியல் பாடத்தின் பகுதியாக அந்தச் சூத்திரத்தையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, 2019-ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு உண்மையான எண்களை இட்டுப் பார்த்தார்கள். பட்டியலில் ரீட் 90-ஆம் இடம். கணக்குப்படி வர வேண்டியது 38. படிவம் நிரப்பாததற்கு அபராதம் ஐம்பது சொச்சம் இடங்கள்!

இன்னொரு கதை எதிர்த்திசையில். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் மெக்கென்னா கல்லூரி அப்போது லிபரல் ஆர்ட்ஸ் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் இருந்தது. 2012-இல் கல்லூரியே முன்வந்து ஒப்புக்கொண்டது: சேர்க்கைப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் 2005-இலிருந்து மாணவர்களின் எஸ்.ஏ.டி. என்னும் நுழைவுத் தேர்வுச் சராசரியைக் கூட்டிக் கூட்டி அனுப்பியிருக்கிறார். கூட்டியது பாடத்துக்குப் பத்து இருபது மதிப்பெண்தான். எட்டாம் இடமா, பத்தாம் இடமா என்பதற்காக அந்தப் பத்து மதிப்பெண். பல்கலைக்கழகங்களும் விதிவிலக்கல்ல. கொலம்பியா பல்கலைக்கழகம் அனுப்பிய எண்களை அதன் கணிதப் பேராசிரியரே கேள்விக்கு உட்படுத்தியதும், 2022-இல் அது இரண்டாம் இடத்திலிருந்து 18-க்கு வந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் யேல் சட்டப் பள்ளியும் 2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் தரவரிசைக்கு ஒத்துழைப்பதை நிறுத்தின. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் 2023 பிப்ரவரியில் அப்படி வெளியேறியது கொலராடோ கல்லூரி. 1970-இலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாடம், மூன்றரை வாரம் அதை மட்டும், பிறகு அடுத்தது என்று நடத்தும் கல்லூரி அது. இந்த முறையை எந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

சேர்க்கை விகிதம் என்னும் மாயக்கண்ணாடி

நம் ஊரில் கட்-ஆஃப் என்று ஒன்று இருக்கிறது. 200-க்கு 196 வாங்கினால் எந்தக் கல்லூரி, 180 வாங்கினால் எது என்று கவுன்சலிங்குக்கு முன்பே தெருவில் எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கச் சேர்க்கையில் அப்படி ஒரு கோடு இல்லை. அதனால் பெற்றோர் கண்ணில் படும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்: விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இடம். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா ஆகியவற்றில் இது இப்போது பத்தையொட்டி, பெரும்பாலும் அதற்கும் கீழே. எண் சிறியதானால் கல்லூரி உயர்ந்தது என்று மனம் தானாக முடிவு கட்டுகிறது.

அந்த எண்ணைக் குறைக்க, பாடம் நடத்துவதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விண்ணப்பத்தைச் சுலபமாக்கினால் போதும். மெய்ன் மாநிலத்துக் கோல்பி கல்லூரி விண்ணப்பக் கட்டணத்தையும் தனிக் கட்டுரையையும் எடுத்துவிட்டது. 2014 வாக்கில் நூற்றுக்கு 28 பேருக்கு இடம் கொடுத்த கல்லூரியில், 2021-க்குள் அது பத்துக்கும் கீழே இறங்கியது. கட்டணம் இல்லாதது ஏழை மாணவருக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 28 ஒன்பது ஆனதால் கல்லூரி மூன்று மடங்கு சிறந்துவிடவில்லை. மூன்று மடங்கு பேர் பொத்தானை அழுத்தினார்கள். யூ.எஸ். நியூஸ்கூட 2018-இலேயே சேர்க்கை விகிதத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. மக்கள்தான் இன்னும் விடவில்லை.

சராசரி எண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நண்பரின் மகளோடு உட்கார்ந்து வில்லியம்ஸைக் கணக்குப் போட்டோம். ஆண்டுக்குச் சுமார் 15,000 விண்ணப்பம். இடம் தரப்படுவது ஏறத்தாழ 1,200, 1,300 பேருக்கு. வந்து சேர்வது 550 பேர்.

அந்த 550-இல் பாதிக்கு அருகில் "எர்லி டிசிஷன்" வழியே நிரம்பிவிடுகிறது. நவம்பரில் விண்ணப்பம், டிசம்பரில் முடிவு. கிடைத்தால் வேறெங்கும் போகமாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்து. ஏறத்தாழ நிச்சயதார்த்தம். கல்லூரிக்கு இது லாபம், அழைத்தவர் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு, பேரம் பேசும் வழி அடைபடுகிறது.

இன்னொரு பங்கு விளையாட்டு வீரர்களுக்கு. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகளில் மாணவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஏதாவதொரு கல்லூரி அணியில் ஆடுபவர். விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. ஆனால் பயிற்சியாளர் விரும்பும் பெயர்களுக்குச் சேர்க்கையில் கை கொடுப்பார்கள். பல்லாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்திலும் ஒரு கால்பந்து அணிதான், 2,100 பேர் படிக்கும் கல்லூரியிலும் ஒரு கால்பந்து அணிதான். சிறிய கல்லூரியில் அந்த அணி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். முன்னாள் மாணவரின் பிள்ளை என்ற சலுகையும் இருந்தது; ஆம்ஹர்ஸ்ட் அதை 2021-இல் நிறுத்திவிட்டது.

எல்லாம் போக, வெளிநாட்டு மாணவர் பத்தில் ஒருவர் என்று தோராயமாக வைத்தால் ஐம்பத்தைந்து நாற்காலி. சீனா, கானா, வியட்நாம், இந்தியா எல்லாருக்கும் சேர்த்து. அவள் தாளில் "55" என்று எழுதி வட்டம் போட்டாள். பட்டியலில் பார்த்த விகிதம் அவளுடைய விகிதம் அல்ல என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மதிப்பெண் என்ன ஆகிறது? பார்ப்பார்கள், பள்ளியின் கடைசி நான்கு ஆண்டு மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். எஸ்.ஏ.டி. தேர்வைக் கட்டாயமில்லை என்று முதலில் சொன்ன கல்லூரிகளில் மெய்ன் மாநிலத்துப் பௌடின் கல்லூரிக்குத்தான் மூத்த இடம், 1969-இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். இவை போக 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள். "மாணவி ஒழுக்கமானவர், கீழ்ப்படிதலுள்ளவர்" என்று நம் பள்ளிகள் வழக்கமாகத் தரும் இரண்டு வரிச் சான்றிதழ் அங்கே ஒன்றுக்கும் உதவாது. வகுப்பில் அவள் கேட்ட ஏதாவது ஒரு கேள்வியை நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர் வேண்டும். இவளுக்கு அப்படி ஓர் இயற்பியல் ஆசிரியை கிடைத்தது அதிர்ஷ்டம்.

இந்த நீட் வேறு

கடைசியாகப் பணம். இந்தக் கல்லூரிகளில் ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு 80,000 டாலருக்கு மேல். சொன்னதும் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் இந்தத் தொகையை முழுதாகக் கட்டுபவர்கள் ஒரு பகுதியினரே. பணக்காரக் கல்லூரிகள் தாங்கள் சேர்த்துக்கொண்ட மாணவரின் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டு, மீதியைத் தாங்களே ஏற்கின்றன. வில்லியம்ஸ் 2022-இலிருந்து உதவித்தொகையில் கல்விக் கடனையே சேர்ப்பதில்லை. முழுவதும் திருப்பித் தர வேண்டாத பணம்.

சிக்கல் அதற்கு முந்தைய படியில். "நீட் பிளைண்ட்" என்று ஒரு சொல் அடிபடும். நீட் என்றதும் நண்பரின் மனைவி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்த நீட் இல்லை, "தேவை" என்ற பொருளில் வரும் நீட் என்று விளக்கினேன். விண்ணப்பத்தைப் படிக்கும்போது இந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகை தேவையா என்பதையே பார்க்கமாட்டோம் என்பது இதன் பொருள். அமெரிக்க மாணவருக்கு முன்னணிக் கல்லூரிகள் பலவும் இப்படித்தான். வெளிநாட்டு மாணவருக்கும் அப்படி இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை; ஆம்ஹர்ஸ்ட் 2008-இலிருந்து, பௌடின் 2022-இலிருந்து. வில்லியம்ஸும் ஒரு காலத்தில் அப்படி இருந்து, 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டினருக்கு மட்டும் கைவிட்டது. மற்ற இடங்களில், அதிக உதவி கேட்கும் வெளிநாட்டு விண்ணப்பம் ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும். ஆகவே திருச்சிக் குடும்பத்துக்கு முதலிடக் கல்லூரியைவிட இரண்டாமிடக் கல்லூரியின் கதவு சற்று அகலமாக இருக்கக்கூடும். எந்தத் தரவரிசையும் இதை ஒரு நெடுவரிசையாக அச்சிடுவதில்லை. கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கு நேரடியாக எழுதிக் கேட்டால் பதில் தருவார்கள்.

அவள் எழுதிக் கேட்டாள். நான்கு கல்லூரிகளுக்கும், ஒரே ராத்திரியில். கேள்விகளை அவளே தேர்ந்தெடுத்தாள்: உதவி கேட்கும் வெளிநாட்டு விண்ணப்பத்தை எப்படிப் பார்க்கிறீர்கள், முதலாண்டு இயற்பியல் வகுப்பில் எத்தனை பேர், ஆய்வகத்தில் உடன் நிற்பது யார். தரவரிசை பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் உதவித்தொகைக்கான படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். அப்பாவின் சம்பளம், வங்கி இருப்பு, வீட்டின் இன்றைய மதிப்பு, வேறு சொத்து என்று பக்கம் பக்கமாகப் போகிறது. "லால்குடிப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறதே, அதையும் எழுத வேண்டுமா மாமா?" என்று என்னிடம் கேட்டாள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தாத்தாவைப் பார்த்தார். தாத்தா வின்சுலோவை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். பட்டா இன்னும் அவருடைய தாத்தா பெயரிலேயே இருந்தது.